மஞ்சள் எந்த இலையில்?

எங்கட ஊரில் தோட்டக்காரர் இரண்டு பேர் சந்தித்தால், மூன்றாவது வசனத்துக்குள் ‘மஞ்சளடிச்சுப் போச்சு’ வந்துவிடும். மிளகாய் மஞ்சளடிச்சுப் போச்சு, பயித்தை மஞ்சளடிச்சுப் போச்சு, வெங்காயம் நுனி மஞ்சளடிச்சுப் போச்சு. கேட்பவர் உடனே, “யூரியா போட்டனீங்களே?” என்பார். சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற உரையாடல் இது. கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது. வைத்தியரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்ல, அவர் நிமிர்ந்தும் பாராமல் பனடோல் எழுதித் தந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

நான் படிப்பது கலைப்பீடத்தில், சமூகவியல். ஆனால் வீடு வலிகாமத்தில், செம்பாட்டு மண் பக்கம். ஓ.எல்.லுக்கு விவசாயம் எடுத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ‘போசணைக் குறைபாட்டு அறிகுறிகள்’ என்று ஒரு அட்டவணை. இடப்பக்கம் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் என்று வரிசையாக இறங்கும். வலப்பக்கம் அவற்றின் அறிகுறிகள். மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளியும் வாங்கினோம். தோட்டத்தில் அந்த அட்டவணை உதவாமல் போவதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. அட்டவணை சத்தில் தொடங்கி அறிகுறிக்குப் போகிறது. தோட்டத்தில் நிற்பவருக்கு அறிகுறிதான் கையில் இருக்கிறது. அவர் அங்கிருந்து பின்னோக்கி நடக்கவேண்டும். அந்த அட்டவணையிலோ முக்கால்வாசி வரிகளில் ‘இலை மஞ்சளாதல்’ என்றுதான் எழுதியிருக்கிறது!

இந்த வருடம் பெரியம்மாவின் நாலு பரப்பு மிளகாயில் இதைத்தான் நடந்து பார்த்தோம்.

பெரியம்மா தனியாகத் தோட்டம் செய்பவர். மாரி மழை விட்ட பிறகு தை கடைசியில் கண்டு நட்டார். நாற்று, உழவு, இறைப்புக்கு மண்ணெண்ணெய், புல்லுப் பிடுங்கக் கூலி என்று போனதில் ஒரு சோடிக் காப்பு அடகுக்கடைக்குப் போயிருந்தது. பங்குனியில் செடி பூக்கத் தொடங்கிய நேரம் மஞ்சள் விழத் தொடங்கியது. மிளகாய்க்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. பூ கொட்டினால் காய் இல்லை. செடி திரும்பத் தேறி மறுபடி பூத்தாலும் அந்த முதல் பறிப்பின் விலை திரும்பி வராது. பெரியம்மா இரண்டு இலையைப் பிடுங்கி, ஷொப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு யூரியாவும் ‘டொனிக்’ ஒரு போத்தலும் கொடுத்தார். பத்து நாளில் மஞ்சள் கூடித்தான் இருந்தது.

கடைக்காரரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்குக் கிடைத்தது பிடுங்கின இலை. பிடுங்கின இலைக்கு விலாசம் இல்லை. அது செடியின் அடியிலிருந்து வந்ததா, நுனியிலிருந்து வந்ததா என்று இலையைப் பார்த்து யாராலும் சொல்லமுடியாது. இப்போது வட்ஸ்அப்பில் வருகிற படங்களும் இதே கதைதான். உள்ளங்கையில் ஒரு மஞ்சள் இலை, கீழே ‘என்ன மருந்து அடிக்கலாம்?’ என்ற கேள்வி. அதற்குக் கீழே ஏழு பேர் ஏழு மருந்து. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். முழுச் செடியையும் காட்டுங்கோ அண்ணை!

இலை எங்கே இருந்தது என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? செடி தன் சத்துகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகிய நாலும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. மண்ணிலிருந்து வரவு குறைந்தால், செடி பழைய இலைகளில் இருப்பதைக் கழற்றி மேலே குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் இந்த நாலில் எது குறைந்தாலும் முதலில் அடியிலைதான் காட்டிக்கொடுக்கும். ‘காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்’ என்று பனையை வைத்து நாங்கள் சொல்வது செடிக்குள் உண்மையாகவே நடக்கிறது. குருத்தோலை சிரிப்பது காவோலை கொடுத்ததை வைத்துத்தான். இரும்பு, கல்சியம், போரன் போன்றவை அப்படி இல்லை. போய் இருந்த இலையை விட்டு அவை இலேசில் கிளம்பாது. குறைபாடு வந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதிதாக வருகிற குருத்துதான் வெளிறிப் பிறக்கும். கந்தகமும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

ஆகவே முதல் கேள்வி, மேலா கீழா. இரண்டாவது கேள்வி, இலையில் எந்த இடம் மஞ்சள்.

அடியிலை முழுக்க, நரம்பு உட்பட, ஒரே சீராக மஞ்சளாகி, செடியும் மெலிந்து வளர்ச்சி குன்றி நின்றால் நைதரசன். அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடையில் மட்டும் மஞ்சள் என்றால் மகனீசியம். இலையின் ஓரம் மஞ்சளாகிப் பிறகு நெருப்புப் பட்டதுபோல் கருகினால் பொற்றாசியம். காய் பிடிக்கிற நேரத்தில் செடி பொற்றாசியத்தை அள்ளி அள்ளி இழுக்கும், அதனால் இது அநேகமாகப் பூத்த பிறகுதான் தெரியவரும். அதைக் கண்டு எம்ஓபியை அளவு தெரியாமல் கொட்டினால் அது மகனீசியத்தை வேருக்குள் வரவிடாமல் தள்ளிவிடும். ஒரு மஞ்சளைத் தீர்க்கப் போய் வேறொரு மஞ்சளை வாங்கிக்கொண்டு வருகிற வேலை. பொசுபரசு குறைந்தால் ஆரம்பத்தில் மஞ்சளே வராது. இலை கடும் பச்சையாகி, சில பயிரில் ஊதாச் சாயல் பிடிக்கும்.

மேலிலைக்கு வருவோம். குருத்து முழுக்க ஒரே சீராக வெளிறினால் கந்தகத்தைச் சந்தேகிக்கலாம். குருத்து முறுகி, உருமாறி, நுனி செத்துப்போனால் கல்சியமோ போரனோ. காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதிலும் கல்சியத்துக்குப் பங்கு உண்டு. குருத்திலையில் நரம்புகள் மெல்லிய பச்சை வலைபோல நிற்க, இடையெல்லாம் மஞ்சளாகி, முற்றினால் கிட்டத்தட்ட வெள்ளையாகவே போனால், அது இரும்பு.

பெரியம்மாவின் தோட்டத்தில் நின்று பார்த்தபோது அடியிலைகள் நல்ல பச்சை. மஞ்சள் முழுக்க மேலே, அந்த வலையோடு.

“இரும்போ? மண்ணே இரும்புதானே பிள்ளை” என்றார் பெரியம்மா. அவர் சொன்னது சரி. செம்பாட்டு மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டின் நிறம்தான். மழை நாளில் காலில் ஒட்டிக்கொண்டு வந்து வீட்டு நிலத்தைப் பாழாக்குகிற அந்தச் சிவப்பு முழுவதும் இரும்பு. ஆனால் மண்ணில் ஒன்று இருப்பதும் அது வேருக்குக் கிடைப்பதும் வேறு வேறு. எங்கட மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் அதற்குள் ஊறி வருவதால் சுண்ணாம்பும் இருகாபனேற்றும் நிறைந்த வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கட்டிப்பிடிக்கிறதே, அதே சாமான்தான் ஒவ்வொரு இறைப்பிலும் பாத்திக்குள் போகிறது. மண் காரப்பக்கம் சாயச் சாய இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். சாப்பாட்டறைக்குள்ளேயே இருந்து பட்டினி கிடப்பது மாதிரி. தண்ணீர் கூடி மண் எப்போதும் ஈரமாகவே கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். மஞ்சளைக் கண்ட பயத்தில் பெரியம்மா இறைப்பையும் கூட்டியிருந்தார். வாடின மாதிரித் தெரிகிற பயிருக்குத் தண்ணீர் விடாமல் இருக்க யாருக்குத்தான் மனம் வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், கலைப்பீடப் புத்தி விடாது. இலை வெளிறுவதற்குத் தாவரவியலில் ‘குளோரோசிஸ்’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதே சொல் வைத்தியத்திலும் இருந்தது. இளம்பெண்கள் சோகை பிடித்து வெளிறிப்போகிற நோய்க்கும் ‘குளோரோசிஸ்’ என்றுதான் சொன்னார்கள். அதற்கு இரும்பு உப்புதான் மருந்து. 1840களில் பிரான்சில் யூசெப் கிரி என்பவர், வெளிறிய முந்திரிகைக் கொடிக்கும் இரும்பு உப்பைக் கொடுத்துப் பார்த்தார். இலை பச்சையாகியது. பெண்ணுக்கும் கொடிக்கும் ஒரே பெயரில் நோய், ஒரே மருந்து. இதில் எங்களுக்கு ஆச்சரியப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை. சித்த வைத்தியத்தில் உடம்பு வெளிறுகிற பாண்டு நோய்க்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பார்கள். அன்னபேதி என்பது வேறொன்றுமில்லை, பச்சை நிறப் பளிங்காகக் கிடைக்கிற பெரசு சல்பேற்று. இன்றைக்கு விவசாய மருந்துக்கடையில் இரும்புக் குறைபாட்டுக்கு விற்கிற உப்பும் அதேதான். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று இரும்புச்சத்துக் குளிசை விழுங்கின பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அந்தக் குளிசையின் துரு ருசி இப்பவும் நாக்கில் நிற்கிறது.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

மஞ்சள் எல்லாமே சத்துக் குறைபாடு என்று முடிவுகட்டவும் கூடாது. அது பழைய பிழைக்குப் புதுச் சட்டை போடுவது. பூக்கிற பருவத்தில் அடியில் நாலைந்து இலை பழுப்பது செடியின் இயல்பு. செடி இலை வளர்ப்பதை விட்டுவிட்டுக் காய் வளர்க்கப் போகிறது, பழைய சாமானைக் கழற்றி எடுக்கிறது. அதைக் கண்டு பயந்து அந்த நேரம் யூரியாவைக் கொட்டினால் செடி திரும்ப இலை விடத் தொடங்கிப் பூவைக் கைவிடும். புகையிலைக்காரருக்கோ மஞ்சள்தான் விருப்பமான நிறம். இலை முற்றி மஞ்சள் சாயல் பிடிக்கும்வரை காத்திருந்து வெட்டுவார்கள். பூவைத்தான் அங்கே விடமாட்டார்கள், முகை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். ஒரே தோட்டத்தில் இந்தப் பக்கம் பூவுக்காக இலையை இழக்கிறோம், அந்தப் பக்கம் இலைக்காகப் பூவை.

பிறகு தண்ணீர். வெள்ளம் நின்ற பாத்தியில் வேருக்கு மூச்சில்லை. மண்ணில் எல்லாச் சத்தும் இருந்தும் வேரால் எடுக்கமுடியாமல் செடி மஞ்சளடிக்கும். பார்ப்பதற்கு நைதரசன் குறைபாடு மாதிரியே இருக்கும். வேரில் முடிச்சுப் போடுகிற வட்டப்புழு இருந்தாலும் இதே கதை. அதனால் ஒரு செடியைப் பலிகொடுத்து வேரோடு பிடுங்கிப் பார்ப்பது நல்லது. நாலு பரப்பில் ஒரு செடி போவதால் ஒன்றும் குறையாது. மிளகாயில் இலை மஞ்சளோடு சுருண்டும் இருந்தால், எங்கட பக்கம் ‘குருமன்’ என்று சொல்கிற அந்தச் சனியன் ஞாபகத்துக்கு வரவேண்டும். வெள்ளை ஈ காவுகிற வைரசு, பனிப்பூச்சி, சிற்றுண்ணி மூன்றுக்கும் அந்த ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, ஓரம் கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி. இலையைப் பிரட்டிப் பார்க்காமல் எதையும் சொல்லமுடியாது. இங்கே பசளை எவ்வளவு போட்டாலும் பயனில்லை. பரவலையும் ஒரு தடயமாகப் பார்க்கலாம். சத்துக் குறைபாடு அநேகமாகத் தோட்டம் முழுக்கவோ ஒரு துண்டு முழுக்கவோ ஒரே சீராக வரும். நோய் அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கிப் பரவும்.

எங்கட பகுதி விவசாயப் போதனாசிரியர் ஒரு பெண். அவருக்கு எத்தனையோ கிராமம், பெரியம்மாவின் முறை வர ஒரு கிழமை எடுத்தது. வந்தவர் பாத்திக்குள் குந்தியிருந்து, முதலில் அடியிலையைப் பிரட்டினார், பிறகு நுனியை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். “இரும்பு போலத்தான் கிடக்கு அம்மா. எண்டாலும் முழுத்தோட்டத்துக்கும் அடிச்சுக் காசைக் கரைக்காதேங்கோ. ஒரு வரிசைக்கு மட்டும் அடிச்சுப் பாருங்கோ” என்றார். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் பெரசு சல்பேற்று, அது துருப்பிடித்து வீணாகாமல் இருக்கக் கொஞ்சம் தேசிப்புளி, பின்னேரம் வெயில் தணிந்த பிறகு. இறைப்பையும் குறைக்கச் சொன்னார்.

இந்த ஒரு வரிசைச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. கம்பஸில் ஆய்வு முறையியல் என்று ஒரு முழுப் பருவம் படித்தோம், கட்டுப்பாட்டுக் குழு, ஒப்பீடு என்று. இங்கே அது ஒரு வாளியும் ஒரு தெளிகருவியும். நாலைந்து நாளில் மருந்து பட்ட இலைகளில் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்து வரிசை அப்படியே மஞ்சள். இரும்பு இலைக்குள்ளும் அவ்வளவாக நகராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, விழுந்த இடத்திலேயே நின்று பச்சையாக்குகிறது! பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளிகளைக் கனநேரம் பார்த்தார். பிறகு மிச்ச வரிசைகளுக்கும் அடித்தோம், கிழமை கழித்துத் திரும்பவும். புதுக்குருத்து பச்சையாக வந்தது. முதல் பூவில் பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. இரண்டாம் பூவில் காய் பிடித்தது. காப்பு இன்னும் மீளவில்லை.

யூரியாவையே ஏன் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள்? அதற்கு அறியாமை என்று பெயர்வைத்துவிட்டுப் போகமுடியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி வர்த்தமானி வந்தபோது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். ஒரே போகத்தில் நாடு முழுக்கச் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்பது அரசாங்கத்தின் முடிவு. கணக்கு இலேசானது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ இருக்கும். ஒன்று என்று வைத்தால், ஒரு மூட்டை யூரியாவின் நைதரசனுக்கு 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதுவும் மெதுமெதுவாகத்தான் அவிழும், பயிர் கேட்கிற நேரத்துக்கு முழுக்கக் கிடைக்காது. இந்தியாவிலிருந்து நானோ யூரியா என்று திரவம் வந்தது. அரை லீற்றர்ப் போத்தல் ஒரு மூட்டைக்குச் சமன் என்றார்கள். அதில் நைதரசன் நூற்றுக்கு 4, அதாவது போத்தலில் 20 கிராம். 23 கிலோவும் 20 கிராமும்! நவம்பர் கடைசியில் தடையை விலக்கினார்கள், ஆனால் பெரும்போகம் அப்போது தொடங்கிவிட்டது. அந்தப் போகத்து நெல் விளைச்சல் முந்தைய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

வன்னியில் மாமாவின் வயலை அந்த மாரியில் போய்ப் பார்த்தேன். வரம்பிலிருந்து பார்க்க, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வெளிறிய எலுமிச்சை நிறம். அந்த மஞ்சள் அடியிலிருந்து தொடங்கிய, ஒரே சீரான, சந்தேகமே இல்லாத நைதரசன் மஞ்சள். அந்த வருடம் ‘மஞ்சள் என்றால் யூரியா’ என்று சொன்ன ஒவ்வொருவரும் சரியாகத்தான் சொன்னார்கள். அடுத்த வருடம் ஒரு மூட்டை முப்பதாயிரத்துக்கும் மேலே போனபோது அதைக் கடன்பட்டு வாங்கினவர்களும் சரியாகத்தான் வாங்கினார்கள். அந்தப் பயம் ஆக்களின் கண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவர்களுக்குக் கண்ட மஞ்சளெல்லாம் யூரியா. இப்போது யூரியா கடையில் கிடக்கிறது, ஆனால் நாளைக்குக் கிடைக்குமோ என்ற எண்ணத்தில் இன்றைக்கே இரண்டு பங்கு போடுகிறவர்களைப் பார்க்கிறேன். மருந்தாகப் போடுவதைவிடக் காப்புறுதியாகத்தான் போடுகிறார்கள்.

நெல்லுக்கு இதைச் சரிபார்க்க ஒரு மலிவான வழி உண்டு, இலை நிற அட்டை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதில் வெளிறிய பச்சையிலிருந்து கடும் பச்சை வரை பட்டைகள். முழுதாக விரிந்த இளம் இலையை, வெயில் படாமல் உங்கள் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நிறம் குறைந்தால் யூரியா, குறையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மிளகாய்க்கு அப்படி ஒன்று எங்கட கையில் இல்லை. அங்கே கண்தான் அட்டை.

இரண்டு பங்கு போட்ட யூரியா எங்கே போகிறது என்பது வலிகாமத்துக்காரர் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் கதைக்க விரும்பாத விசயம். யூரியா மண்ணில் மாறி நைத்திரேற்று ஆகும். அது தண்ணீரில் கரைந்துபோகும், மண் அதைப் பிடித்துவைக்காது. கீழே சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குகையுமாக இருப்பதால் இறைக்கிற தண்ணீரோடு நேரே நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். குடிதண்ணீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் அதற்கு மேல் போன கிணறுகள் உண்டு என்று பல வருடமாக ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைக்கு இரத்தம் ஒட்சிசன் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். இலையில் மஞ்சளைக் கண்டு பதறுகிற நாங்கள் இந்த நீலத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். பெரியம்மாவின் கிணற்றில் நைத்திரேற்று அந்த 50 என்ற அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நைதரசன் மட்டும் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 11 மில்லிகிராம். நாலு பரப்புக்கு ஒரு இறைப்புக்கு 30,000 லீற்றர், போகத்துக்கு 20 இறைப்பு என்று போட்டால், தண்ணீரோடு மட்டும் போகிற நைதரசன் ஆறரைக் கிலோ சொச்சம். யூரியாக் கணக்கில் 14 கிலோ. பணம் கொடுத்து மூட்டையில் வாங்குவதில் ஒரு பங்கு ஏற்கனவே வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் தண்ணீரையே குடிக்கவும் செய்கிறோம்.

இதைப் பெரியம்மாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் 14 கிலோவைப் பற்றிக் கேட்கவில்லை. “அப்ப தம்பியின்ர பேத்திக்கு இந்தத் தண்ணியிலதானே பால் கரைக்கிறம்?” என்றார். பக்கத்து வளவில் அப்பாச்சியோடு இருக்கிற அந்தக் குழந்தைக்கு இப்போது அஞ்சு மாதம். அடுத்த நாள் காலையில் கழுவிக் காயவைத்த ஒரு தண்ணீர்ப் போத்தலை என்னிடம் தந்தார். பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, போத்தலை மூன்று தரம் அதே தண்ணீரால் அலசி, வாய்வரை நிரப்பி மூடினோம். மாதிரியை எடுத்த அன்றைக்கே கொண்டுபோகவேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தேன். கம்பஸ் போகிற பஸ்ஸில், ஐஸ் போட்ட பொலித்தீன் பைக்குள் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முடிவு வரும்வரை குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள். சுடவைத்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வளவு அப்பாச்சி சொன்னாராம். சுடவைத்தால் தண்ணீர்தான் வற்றும், நைத்திரேற்று போகாது, இன்னும் செறிவாகத்தான் வரும் என்று சொல்ல அன்று பின்னேரமே போனேன்.